ருஜுச் செய்யும் பொறுப்பு யாருடையது?

கொலைக் கேஸில் சாட்சியம் போதாதென்று எதிரி விடுதலையானால், அவன் கொலை செய்யவேயில்லை என்று நியாயஸ்தலம் தீர்மானித்துவிட்டதாக அர்த்தமில்லை. வக்கீல் தொழிலில் புகுந்த முதல் மாதத்திலேயே எவரும் கற்றுக்கொள்ளும் பாடம் இது. ரஸாயனப் பொருள்கள் மனித தேகத்துக்குக் கெடுதல் செய்கின்றனவா என்று விசாரிக்கும் இடங்களில் மட்டும் இந்தப் பாடம் வெகுகாலம் மறக்கப்பட்டிருந்தது. 'தீங்கு காணப்படவில்லை' என்று ஒரு பரீட்சை சொன்னால், 'தீங்கு இல்லை' என்று சர்க்கார்கள் எழுதிக்கொண்டன.

அந்தப் பரீட்சையின் முறையை நேயர்கள் அறிந்திருப்பது அவசியம். எலிகளைச் சில கூட்டங்களாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு அந்தப் பொருளையே கொடாமலும், மற்றக் கூட்டங்களுக்கு வெவ்வேறு அளவில் கொடுத்தும் வளர்ப்பார்கள். எந்தெந்தக் கூட்டத்தில் கெடுதல் ஒன்றும் புலப்படவில்லையோ, அவற்றுக்குக் கொடுத்த அளவுகளில் மிக அதிகமானதைத் தீங்கற்ற அளவென்று கொள்வார்கள். அதை நூறால் வகுத்தால் மனிதருக்கு அநுமதிக்கத்தக்க அளவு கிடைக்கும். எலிக்கும் மனிதனுக்கும் உள்ள வேற்றுமைக்காக ஒரு பத்து. மனிதருக்குள்ளேயே இருக்கும் வேற்றுமைக்காக இன்னொரு பத்து. அமெரிக்க உணவு மருந்து இலாகாவைச் சேர்ந்த லேமன், பிட்ஸ்ஹ்யூ என்ற இருவர் 1954-ல் விளக்கி எழுதிய இந்த நூறு பிறகு பல தேசங்களிலும் பரவியது.

இதில் மறைந்திருக்கும் கணக்கைச் சற்றுக் கவனிப்போம். ஒரு குறிப்பிட்ட அளவு விஷம் நூற்றுக்குப் பத்துப் பிராணிகளை உண்மையிலேயே கெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து எலிகளைக் கொண்டு பரீட்சித்தால், ஒன்றுகூட நோய்ப்படாமல் தப்புவது நூற்றுக்கு 35 தடவை நேரும். 50 எலிகளைக் கொண்டு பரீட்சித்தாலோ, அது சுமார் இருநூறு தடவைக்கு ஒரு முறைதான் நேரும். ஆகவே செலவைச் சுருக்கி, எலிகளைக் குறைத்து, அரைகுறையாகப் பரீட்சை நடத்திய கம்பெனிக்கே அநுகூலமான தீர்ப்புக் கிடைக்கிறது! சாட்சிகளை மறைத்த கட்சிக்கு ஜயம் கொடுக்கும் கோர்ட்டு வேறெங்கேனும் உண்டா?

1984-ல் கென்னி கிரம்ப் என்ற அமெரிக்கப் புள்ளிவிவர நிபுணர் வேறொரு முறையைச் சொன்னார். ஏதோ ஒரு கூட்டத்தை மட்டும் பொறுக்கி எடுக்காமல், எல்லாக் கூட்டங்களின் பலன்களையும் சேர்த்து, அளவு ஏற ஏறக் கெடுதல் எவ்வாறு ஏறுகிறது என்று ஒரு வளைகோடு வரைய வேண்டும். கெடுதல் நூற்றுக்குப் பத்து என்பது போன்ற ஒரு குறிப்பிட்ட அளவு அதிகரிக்கும் இடத்தை அந்தக் கோட்டில் கண்டுபிடிக்க வேண்டும். கணக்கில் சந்தேகம் இருக்குமல்லவா? அந்தச் சந்தேகத்துக்கு இடங்கொடுத்து, உண்மை எவ்வளவு தாழ்வாக இருக்கக்கூடும் என்று பார்த்து, அந்தக் கீழெல்லையையே ஆதாரமாகக் கொள்ள வேண்டும். எலிகள் குறைந்தால் சந்தேகம் பெருகும், கீழெல்லை இன்னும் தாழும், அநுமதியும் சுருங்கும். அதிக அநுமதி வேண்டுகிறவன் நல்ல பரீட்சையாக நடத்திக்கொண்டு வரட்டும் என்பதே இதன் தாத்பரியம். சந்தேகத்தின் பலன் விஷத்தின் கையிலிருந்து அதை உண்ணும் ஜனங்களின் கைக்கு மாறிவிட்டது. பழைய முறையைவிட இதுவே மேலானது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஸ்தாபனம் 2009-ல் அபிப்பிராயம் தெரிவித்தது.

இந்த மாறுதல் என்ன செய்யும் என்பதற்கு ஈயத்தின் சரித்திரமே போதும். 1923-ல் அமெரிக்காவில் மோட்டார் பெட்ரோலில் ஈயம் கலந்து விற்கத் தொடங்கினார்கள். மறு வருஷமே நியூ ஜெர்ஸியில் அதைத் தயாரித்த ஓர் ஆலையில் தொழிலாளர் ஐவர் சித்தப்பிரமை கொண்டு மாண்டனர். ஆயினும், ஈயம் மனித உடலில் இயற்கையாகவே இருப்பது, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 80 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று ராபர்ட் கீஹோ என்ற டாக்டர் சாதித்து வந்தார். அவர் ஈயம் கலக்கும் கம்பெனியின் வைத்திய அதிகாரி. கெடுதல் என்று சொல்பவர்களே அதை ருஜுச் செய்யட்டும் என்பது அவருடைய வாதம். அந்த வாதம் பல பத்து வருஷங்கள் எடுபட்டது.

1979-ல் ஹெர்பர்ட் நீடில்மன் பள்ளிச் சிறுவர்களின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து ஈயத்தை அளந்தார். நோயாளிகளாகத் தோன்றாத பிள்ளைகளிடமே, பல்லில் ஈயம் மிகுந்தவர்களுக்குப் புத்திக் கூர்மைப் பரீட்சையில் புள்ளிகள் குறைந்திருந்தன. அமெரிக்க சர்க்காரின் எல்லை 1960-களில் 60 ஆக இருந்தது. 1975-ல் 30, 1985-ல் 25, 1991-ல் 10, 2012-ல் 5, 2021-ல் 3.5 என்று இறங்கியது. கடைசி எண்ணையும் தீங்கற்ற அளவென்று அந்த இலாகா சொல்லவில்லை.

2005-ல் ஏழு ஆய்வுகளைச் சேர்ந்த 1,333 குழந்தைகளின் கணக்கை ஒன்றாக்கிப் பார்த்தபோதுதான் வளைகோட்டின் உண்மை வடிவம் தெரிந்தது. இரத்த ஈயம் 2.4-லிருந்து 10-க்கு ஏறும்போது 3.9 புள்ளிகள் நஷ்டம். 10-லிருந்து 20-க்கு ஏறினால் 1.9 மட்டுமே, 20-லிருந்து 30-க்கு 1.1. மிகச் சொற்பம் என்று அலட்சியம் செய்யப்பட்ட அளவிலேதான் சேதம் அதிவேகமாக நடக்கிறது! மூன்று நான்கு புள்ளிகள் ஒரு பிரமாதமா என்று கேட்பவர்கள் உண்டு. தனிப் பிள்ளையிடம் அது தெரியாமல் போகலாம். லக்ஷக்கணக்கான பிள்ளைகளிடம் குறைந்தால், படிப்பில் பின்தங்குவோர் தொகை எவ்வளவு பெருகும் என்று அவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும். ஒரே ஒரு புள்ளி குறைவதை அளவுகோலாக வைத்து ஐரோப்பிய ஸ்தாபனம் 2010-ல் கண்ட கீழெல்லை 1.2 மைக்ரோகிராம். கீஹோவின் எண்ணோ 80. அதே வருஷம் உலக சுகாதார ஸ்தாபனமும் ஐ.நா. உணவு விவசாய ஸ்தாபனமும் கூட்டாக அமைத்த நிபுணர் கமிட்டி, வாரத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம் ஈயம் உட்கொள்ளலாம் என்றிருந்த அநுமதியை ரத்துச் செய்தது.

இம்முறை குறையற்றதென்று நாம் சொல்ல வரவில்லை. பரீட்சித்த அளவுகளுக்கும் கீழே போனால், ஒரே புள்ளிகளுக்குப் பொருந்தும் இரண்டு வளைகோடுகள் வெவ்வேறு திசையில் பிரிந்து செல்லும். மேலும், நூற்றுக்குப் பத்தா, ஒன்றா, எவ்வளவு கெடுதலை அளவுகோலாக வைப்பது என்பது கணித சாஸ்திரம் சொல்லும் விஷயமன்று. நிபுணர்கள் அறைக்குள் உட்கார்ந்து அதைத் தீர்மானிக்கும்போது, குழந்தைகளைப் பெற்றவர்களுக்கும் அங்கே ஒரு நாற்காலி போடப்பட வேண்டும்.

அமெரிக்கா 1996-ல் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோலைத் தடை செய்தது. இந்தியாவில் 2000-ல் அது நின்றது. கடைசியாக அல்ஜீரியாவில் 2021-ல் நின்றபோது, முதல் காலன் விற்று 98 வருஷங்கள் ஆகியிருந்தன.