விமானம் ஏறுமுன் அரைநாள் - சாலைத் தெருவைப் பார்த்துவிட்டு வாருங்கள்

நம் சங்கத்துக் குடும்பங்களில் நெல்லை, குமரி மாவட்டத்தவர் கணிசம். விடுமுறை முடிந்து திரும்பும்போது பலரும் திருவனந்தபுரத்தில்தான் விமானம் ஏறுகிறோம். ஆனால் நாகர்கோவிலில் ஏறிய கார் நேரே விமான நிலைய வாசலில்தான் நிற்கிறது. அரைநாள் முன்னதாகக் கிளம்பினால் ஒரு பழைய நகரையே பார்த்துவிடலாம். இரவு விமானக்காரர்களுக்கு இது மிகவும் தோது.

என்னைக் கேட்டால் ரயிலில் வாருங்கள் என்பேன். கொல்லத்திலிருந்து 1918-இல் வந்த மீட்டர்கேஜ் பாதை, 1931-இல் தம்பானூர் வரை நீண்டது. கன்னியாகுமரிக்கு அகலப்பாதை 1979-இல்தான் வந்தது. நான் ரயில்வேயில் சேர்ந்த 1981-இல் திருநெல்வேலி - நாகர்கோவில் இணைப்பு முடிந்தது. அதுவரை நெல்லைக்காரர் ரயிலில் வர வேண்டுமானால் செங்கோட்டை, கொல்லம் என்று மலையைச் சுற்றித்தான் வர வேண்டும்.

பெட்டிகளை ரயில் நிலையப் பொருள் காப்பறையில் வைத்துவிட்டு நடந்தால் சற்று நேரத்தில் கிழக்கேகோட்டை. பழவங்காடி கணபதிக்கு ஒரு சிதறுகாய் போட்டுவிட்டு, முதலில் பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போய்விடுங்கள். உச்சிவேளைக்கு நடை சாத்திவிடுவார்கள். ஆண்களுக்கு வேட்டி கட்டாயம், சட்டை கூடாது. ஏழுநிலைக் கோபுரம் நம்மூர் சாயல்தான். பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல்கள் வழியே காண வேண்டும்.

வெளியே வந்ததும் பிள்ளைகளுக்கு மேத்தன் மணியைக் காட்டுங்கள். மணி அடிக்கும்போது தாடிக்கார முகம் வாயைத் திறக்க, இரண்டு ஆட்டுக்கடாக்கள் இருபுறமும் கன்னத்தில் முட்டும். சுவாதித் திருநாள் காலத்து இயந்திர வேலை! பக்கத்திலேயே அவர் கட்டிய குதிரைமாளிகை. கூரைத் தாங்கிகளில் 122 மரக்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன.

இனி சாலை. கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் இந்தக் கடைத்தெருவைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உண்டாக்கியவர் திவான் ராஜா கேசவதாஸ். அவர் பிறந்த ஊர் இன்றைய குமரி மாவட்டத்தில் இருக்கிறது. நாஞ்சில் நாட்டு நெல்லும் தோவாளைப் பூவும் வந்து சேர்ந்த தெரு இது. சரக்கோடு நம் ஆட்களும் வந்தார்கள். வந்தவர்களில் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

சென்ற வருடம் பேரப்பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தேன். ஒரு பலசரக்குக் கடையில் பெரியவர் ஒருவர் மலையாளத்தில் விலை சொல்லிவிட்டு, எங்கள் பேச்சைக் கேட்டதும், "எந்த ஊரு, தின்னவேலியா?" என்றார். தாத்தா காலத்தில் வந்த குடும்பமாம். பேரன் என் காதில், "தாத்தா, இவர் நம்ம ஆச்சி மாதிரியே பேசறாரே!" என்றான். வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை, அன்று அந்தப் பெரியவரிடம் கால்மணி நேரம் தமிழிலேயே பேசினான்.

எழுத்தாளர் ஆ. மாதவன் இந்தத் தெருவில்தான் 'செல்வி ஸ்டோர்ஸ்' என்ற கடையை நடத்தினார். பள்ளியில் மலையாள வழியில் படித்தவர், எழுதியது தமிழில். சுமைதூக்குவோரையும் சிறுவியாபாரிகளையும் வைத்து அவர் எழுதியவைதான் 'கடைத்தெருக் கதைகள்'. 2015-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றார், 2021-இல் காலமானார். பிள்ளைகளுக்கு இனித் தமிழ் வராது என்று அலுத்துக்கொள்ளும் பெற்றோர், அவரைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

நேந்திரங்காய் வறுவல் வாங்கிக்கொண்டு சாலையிலிருந்து ஆட்டோ பிடித்தால் விமான நிலையம் தூரமில்லை. உள்நாட்டு முனையம் சங்குமுகத்தில், பன்னாட்டு முனையம் சாக்கையில். ஏறும்போதே ஓட்டுநரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு முக்கிய விஷயம். ஐப்பசியிலும் பங்குனியிலும் ஆராட்டு நாளன்று, பத்மநாபசுவாமி ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்கு எழுந்தருள்கிறார். விமான நிலையம் வருமுன்பே அவர் போய்வந்த வழி அது. அந்தச் சில மணி நேரம் விமானங்கள் நிற்கும். அந்த மாதங்களில் பயணச்சீட்டு எடுப்பவர்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளவும். அன்றைக்கே அமைந்துவிட்டாலும் கவலை வேண்டாம். சாலையில் சுற்ற இன்னும் சற்று நேரம் கிடைக்கும்.