இணையத் தொடர்கதை

இணையத் தொடர்கதை என்பது ஒரு நாவலை அத்தியாயம் அத்தியாயமாக இணையத்தில் வெளியிட்டு, வாசகர்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதிச் செல்லும் முறையாகும். முன்பே எழுதி முடித்த நாவலைப் பகுதி பகுதியாக வெளியிடுவதும் இப்பெயராலேயே வழங்கப்படுகிறது. தமிழில் இவ்வகைக் கதைகளின் வாசகர்கள் ஓர் அத்தியாயத்தை ‘எபி’ என்றும், புதிய அத்தியாயம் வெளியாவதை ‘யூடி’ என்றும் சொல்வர். எபிசோட், அப்டேட் என்ற சொற்களின் சுருக்கங்கள் இவை.

அச்சிலிருந்து இணையத்துக்கு

தொடர்கதை இணையத்தில் பிறந்தது அன்று. சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ 1836, 1837ஆம் ஆண்டுகளில் மாதந்தோறும் ஒரு ஷில்லிங் விலையில் தனித்தனி இதழாக வந்தது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் வெளியாயிற்று. இவ்விரண்டிலும் எழுத்தாளருக்குப் பக்கத்தில் ஓர் அச்சகமும், தவறக்கூடாத ஒரு தேதியும் இருந்தன. இணையத்தில் அவை இல்லை. எழுதுபவரே ஆசிரியர், அவரே மெய்ப்புத் திருத்துபவர், வெளியிடுபவரும் அவரே. ஒற்றுப்பிழையைச் சுட்டிக்காட்ட இடையில் ஒருவரும் இல்லாததன் விளைவைப் பல தொடர்களில் காணலாம்.

இன்னொரு வேறுபாடு வாசகரிடமிருந்து வருவது. வார இதழுக்கு அஞ்சலட்டை வந்து சேரச் சில நாட்கள் ஆகும். இணையத்தில் அத்தியாயம் ஏறிய சில நிமிடங்களில் கருத்து வந்துவிடுகிறது. இது நன்மையாகவும் முடியலாம். அமெரிக்கரான ஆண்டி வெய்ர் கணினி நிரலாளராக வேலை பார்த்துக்கொண்டே, 2009 முதல் ‘தி மார்ஷியன்’ நாவலைத் தமது இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாக வெளியிட்டார். செவ்வாய்க் கோளில் தனியே விடப்பட்ட ஒருவன் உயிர் பிழைக்கும் கதை அது. வேதியியல் அறிந்த வாசகர்கள் கணக்குப் பிழைகளை எழுதி அனுப்ப, அவர் திருத்திக்கொண்டார். படிப்பதற்கு எளிதாக வேண்டும் என்று வாசகர்கள் கேட்டதால், 2011இல் அமேசான் கிண்டிலில் அங்கே அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த விலையான 99 சென்ட்டுக்கு நூலை ஏற்றினார். 2014இல் அது அச்சு நூலாகவும் 2015இல் திரைப்படமாகவும் வந்தது.

ஆனால் அறிவியல் பிழையைத் திருத்துவது வேறு, கதையின் போக்கை மாற்றுவது வேறு. நாயகனை மன்னித்துவிடு, நாயகியை அழவைக்காதே என்று வரும் கருத்துகளுக்கெல்லாம் இசைந்தால், தொடக்கத்தில் எண்ணிய கதை பத்தாம் அத்தியாயத்தில் காணாமல் போய்விடும்.

பணம் வரும் வழி

இதில் முதலில் பெரிய அளவில் சோதனை செய்து பார்த்தவர் அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங். 2000ஆம் ஆண்டு ஜூலையில் ‘தி பிளான்ட்’ என்ற நாவலின் முதற்பகுதியைத் தமது தளத்தில் வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். நேர்மையாக ஒரு டாலர் செலுத்த வேண்டும். இறக்கியோரில் 75 விழுக்காட்டினர் பணம் கட்டினால் தொடர்ந்து எழுதுவதாக அறிவித்தார். முதற்பகுதி அந்த அளவைத் தாண்டியது. பின்னர் கட்டியோர் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆறாம் பகுதியோடு 2000 டிசம்பரில் நிறுத்தினார். அந்நாவல் இன்றும் முடிவடையாமலே இருக்கிறது. அவருக்கு இதில் இழப்பில்லை, நல்ல இலாபமே கிடைத்தது. காசு கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த வாசகருக்குத்தான் கதை கிடைக்கவில்லை.

சீனத்தில் வேறு வழி பிறந்தது. ‘ச்சிதியான்’ என்ற தளம் 2003இல் கட்டண வாசிப்பைத் தொடங்கியது. தொடக்க அத்தியாயங்கள் இலவசம். அதன்பின் ஆயிரம் எழுத்துக்குச் சில ஃபென் என்று விலை. ஒரு யுவானுக்கு நூறு ஃபென் என்பதால் ஓர் அத்தியாயத்தின் விலை மிகச் சிறியது. எழுத்தின் எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் கதைகள் நீண்டன. ஆயிரம் அத்தியாயங்களைத் தாண்டிய நாவல்கள் அங்கே புதுமையல்ல. தினமும் எழுதாதவர் வாசகரை இழப்பார் என்ற நெருக்கடியும் கூடவே வந்தது.

நாள் தவறாமை

தொடரின் உயிர், சொன்ன நாளில் வருவது. தமிழில் இதற்குப் பெரிய சான்று ஜெயமோகனின் ‘வெண்முரசு’. மகாபாரதத்தை நாவல் வரிசையாக 2014 ஜனவரி முதல் நாள் தொடங்கி, நாள்தோறும் ஓர் அத்தியாயமாக இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். பத்தாண்டுத் திட்டமாக அறிவிக்கப்பட்ட அப்பணி, ‘முதற்கனல்’ தொடங்கி ‘முதலாவிண்’ வரை 26 நாவல்களாக 2020 ஜூலையில் நிறைவுற்றது.

எல்லோருக்கும் இது இயலாது. புதிதாக எழுதுவோர் பத்து அத்தியாயமாவது கையிருப்பில் வைத்துக்கொண்டு வெளியிடத் தொடங்குவது நல்லது. காய்ச்சல், தேர்வு, வீட்டில் விசேஷம் என எது வந்தாலும் அந்தக் கையிருப்பு தாங்கும். பாத்திரங்களின் பெயர், வயது, உறவுமுறை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைப்பதும் உதவும். மூன்றாம் அத்தியாயத்தில் சித்தியாக இருந்தவர் முப்பதாம் அத்தியாயத்தில் அத்தையாகிவிட்டால், எழுதியவருக்கு முன்பே வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

தமிழ்த் தளங்களும் உரிமையும்

தமிழில் இன்று குடும்ப நாவல், காதல் கதை எழுதும் பெண்கள் பலர் இத்தொடர்கள் வழியாகவே அறிமுகமாயினர். பெங்களூருவில் 2014இல் தொடங்கப்பட்ட ‘பிரதிலிபி’ போன்ற பொதுத் தளங்களிலும், எழுத்தாளர்களே நடத்தும் சிறு தளங்களிலும் இவை வெளியாகின்றன. கதை முடிந்ததும் சில நாட்கள் மட்டும் விட்டுவைத்து நீக்கிவிடும் வழக்கம் பல சிறு தளங்களில் உண்டு. பாதியில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு வருத்தம்தான். ஆனால் இதற்குக் காரணம் உண்டு. அமேசானின் ‘கேடிபி செலக்ட்’ திட்டத்தில் மின்னூலைச் சேர்த்தால், 90 நாட்களுக்கு அந்நூல் மின்வடிவில் வேறெங்கும் இருக்கக் கூடாது. இலவசத் தொடர் தளத்தில் அப்படியே கிடந்தால் ஒப்பந்தத்தை மீறியதாகும். கதையைப் பிடிஎஃப் ஆக்கி டெலிகிராமில் சுற்றுக்கு விடும் திருட்டும் இன்னொரு காரணம்.

தளங்களும் நிலையானவை அல்ல. தொடர்கதைக்கென்றே அமேசான் 2021இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘கிண்டில் வெல்லா’ 2025 பிப்ரவரியில் மூடப்பட்டது. ஆகவே தளத்திலேயே நேரடியாகத் தட்டச்சு செய்யாமல், கணினியில் எழுதிச் சேமித்த பின்னரே ஏற்ற வேண்டும்.

உரிமை பற்றிய சிக்கல் இன்னும் பெரிது. 2020இல் ச்சிதியானை நடத்தும் யுவென் நிறுவனத்தின் புதிய ஒப்பந்தம் உரிமைகளை மிகுதியாக எடுத்துக்கொள்கிறது என்று சீன எழுத்தாளர்கள் எதிர்த்தனர். மே 5 அன்று புதிய அத்தியாயம் வெளியிடுவதில்லை என்று பலர் நிறுத்திவைத்தனர். நிறுவனம் பின்னர் ஒப்பந்தத்தைத் திருத்தியது.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய உடனே உரிமை எழுதியவருக்கு உண்டாகிவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. அவ்வுரிமை எழுத்தாளர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். உரிமையைப் பிறருக்கு மாற்றித் தருவது எழுத்து மூலமாகவும் கையொப்பத்துடனும் இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. எனவே ‘என்றென்றைக்கும்’, ‘உலகம் முழுவதும்’, ‘திரைப்படம், ஒலிநூல் உட்பட’ என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் எங்கே வருகின்றன என்று பார்த்த பிறகே கையொப்பம் இட வேண்டும். உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாத வரை, அது காலாவதியாகிவிடும்.