காணாக்கடி: கடித்தது யார்?

2022 ஆம் ஆண்டில் எங்கள் ஊரில் ஒரு நிக்காஹ் விருந்து நடைபெற்றது. பெண்கள் பகுதியில் சஹன்கள் வைக்கப்பட்டு, மூவர் நால்வராக அமர்ந்தனர். என் மனைவியுடன் ஒரே சஹனில் அமர்ந்திருந்த பெண்மணி ஒருவர், இவருடைய முன்கையில் எழும்பியிருந்த சிவந்த தடிப்புகளைக் கண்டார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து வேறொரு சஹனுக்குச் சென்றுவிட்டார். அன்று வீடு திரும்பிய என் மனைவி, "என்னங்க, எனக்கு வந்திருக்கிறது ஒட்டுவாரொட்டி நோயா?" என்று கேட்டார். மதரஸாவில் ஓதிக் கொடுப்பவன் நான். கல்லூரியில் வரலாறு பயின்று பட்டமும் பெற்றவன். அந்த எளிய கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

அந்த விடையைத் தேடி நாங்கள் அலைந்த கதையை இங்கே எழுதுகிறேன். நம் வீடுகள் பலவற்றில் இந்நோயால் இரவுத் தூக்கத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதே இதனை எழுதத் தூண்டியது.

பெயர்கள் பல, துன்பம் ஒன்று

நம் மூதாட்டிகள் இதனைக் 'காணாக்கடி' என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பூச்சி கடித்துவிட்டது என்பது அதன் பொருள். மருத்துவர்கள் 'அர்ட்டிகேரியா' என்கிறார்கள். தொட்டால் அரிக்கும் செடி ஒன்றின் இலத்தீன் பெயரிலிருந்து வந்த சொல் அது. நம் வேலியோரக் காஞ்சொறி மேலே பட்டால் எப்படித் தடித்து அரிக்குமோ, அப்படியே இதுவும். அரபு மொழியில் இதற்கு 'ஷரா' என்று பெயர். மொழிக்கொரு பெயர் இருப்பதிலிருந்தே, மனிதனை இது நெடுங்காலமாக வருத்தி வருவது புலனாகும்.

ஒரு நாளோ ஒரு வாரமோ வந்து மறைந்துவிடும் காணாக்கடியை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆறு வாரங்களுக்கு மேலும் நீடித்தால் அதனை நாட்பட்ட நோயாகக் கணக்கிடுகிறார்கள். ஆண்களைவிடப் பெண்களிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. என் மனைவிக்கு அது ஒன்பது மாதங்கள் நீடித்தது. அஸர் நேரத்தில் இடுப்பில் தொடங்கும். மஃரிபுக்குள் முதுகெங்கும் பரவும். இரவு இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தால், அவர் படுக்கையில் அமர்ந்து ஈரத்துணியால் கைகளை ஒற்றிக்கொண்டிருப்பார். காலையில் பார்த்தால் தோல் மாசு மறுவின்றி இருக்கும். மருத்துவரிடம் சென்று காட்டுவதற்கு ஒன்றும் இராது!

தட்டிலிருந்து மறைந்த உணவுகள்

நோயாளி ஒருவர் இருந்தால் மருத்துவர்கள் நூறு பேர் தோன்றிவிடுவார்கள் அல்லவா? அண்டை வீட்டார் மீனை நிறுத்தச் சொன்னார்கள். கடற்கரை ஊரில் மீனை நிறுத்தினால் வேறென்ன உண்பது? அதையும் நிறுத்தினோம். பிறகு கருவாடு, கத்தரிக்காய், முட்டை, மாட்டிறைச்சி, பால் என ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து மறைந்தன. என் மாமியார் மிளகும் வெற்றிலையும் இடித்துக் கொடுத்தார்கள். வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். கண்ணேறு என்று சொன்னவர்களும் உண்டு. நான்கு மாதங்களில் என் மனைவி ஏழு கிலோ எடை குறைந்தார். தடிப்புகளோ ஒன்றுகூடக் குறையவில்லை.

அருகிலிருந்த மருத்துவர் ஒருவர் ஊசி போட்டார். அரை மணி நேரத்தில் அரிப்பு அடங்கியது. எங்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பத்து நாட்களில் மீண்டும் வந்தது, மீண்டும் ஊசி. இவ்வாறு பல மாதங்கள் கழிந்தன. முகம் உப்பியது, இரத்தத்தில் சர்க்கரை ஏறியது. ஊசியில் இருந்தது ஸ்டீராய்டு என்பதைப் பின்னரே அறிந்தோம். கடுமையான வேளையில் சில நாட்களுக்கு மட்டும் கொடுக்கத் தக்க மருந்து அது. மாதக்கணக்கில் தொடர்ந்தால் நோயைவிட மருந்தே பெரிய துன்பமாகிவிடும்.

ஒரு பேனா வட்டம்

இறுதியில் மதுரையில் ஒரு தோல் மருத்துவரிடம் சென்றோம். அவர் முதலில் மருந்து எழுதவில்லை, கேள்வி கேட்டார். "ஒரு தடிப்பு ஒரே இடத்தில் எத்தனை மணி நேரம் இருக்கிறதம்மா?" ஒன்பது மாதங்களாக அந்தத் தடிப்புகளோடு வாழ்ந்தவர்கள் நாங்கள், எங்களுக்கு அது தெரியவில்லை.

"தடிப்பு எழுந்ததும் அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுங்கள். நேரத்தை எழுதி வையுங்கள். மறைந்த நேரத்தையும் குறியுங்கள். முடிந்தால் கைப்பேசியில் படமும் எடுங்கள்" என்று சொல்லி அனுப்பினார். அவ்வாறே செய்தோம். எந்தத் தடிப்பும் 24 மணி நேரத்தைத் தாண்டவில்லை. வட்டம் அப்படியே இருக்க, உள்ளே தோல் தெளிவாகிவிடும். வேறோர் இடத்தில் புதியது எழும். காணாக்கடியின் அடையாளமே அதுதான். ஒரே இடத்தில் ஒரு நாளுக்கு மேல் நின்று, வலியும் எரிச்சலும் தந்து, மறையும்போது கன்றிய கறையை விட்டுச் சென்றால் அது இரத்தக் குழாய்களின் அழற்சியாக இருக்கலாம். தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். காசு செலவில்லாத ஒரு பேனா வட்டம், பெரியதொரு ஐயத்தைத் தீர்த்து வைத்தது.

காவலர் கலகம்

அப்படியானால் கடித்தது யார்? எவரும் கடிக்கவில்லை என்பதே விடை!

நம் தோலின் அடியிலும், மூச்சுக் குழாயிலும், குடலிலும், இரத்தக் குழாய்களை ஒட்டி 'மாஸ்ட் செல்' என்னும் உயிரணுக்கள் இருக்கின்றன. பால் எர்லிக் என்ற ஜெர்மானியர், மருத்துவ மாணவராக இருந்தபோது 1878 ஆம் ஆண்டின் தம் ஆய்வேட்டில் இவற்றை விவரித்தார். உள்ளே மணிமணியாக நிறைந்திருந்ததைக் கண்டு, நன்றாகத் தீனி தின்று கொழுத்தவை என எண்ணி அந்தப் பெயரைச் சூட்டினார். உண்மையில் அவை தீனி மூட்டைகள் அல்ல, ஆயுதக் கிடங்குகள். ஒட்டுண்ணிகளும் நச்சும் உடலில் புகுந்தால் எதிர்த்து நிற்கும் காவலர்கள். அந்த மணிகளில் இருக்கும் 'ஹிஸ்டமின்' என்னும் பொருள் வெளியேறும்போது நுண்ணிய இரத்தக் குழாய்களில் கசிவு ஏற்பட்டுத் தோல் தடிக்கிறது. நரம்பு முனைகள் தூண்டப்பட்டு அரிக்கிறது.

நாட்பட்ட காணாக்கடியில் வெளியிலிருந்து பகைவர் வருவதில்லை. பலரிடம் உடலின் சொந்த எதிர்ப்புப் பொருள்களே இக்காவலர்களைத் தவறாக உசுப்பிவிடுகின்றன. ஆகவே இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதே இல்லை. பெரியவர்களின் நாட்பட்ட காணாக்கடிக்கு உணவு காரணமாவதும் அரிது. தைராய்டு சுரப்பியைத் தன் உடலே தாக்கும் நோய் இவர்களில் சிலருக்குச் சேர்ந்தே இருக்கும். சோதித்தபோது என் மனைவிக்கும் அது இருந்தது.

அச்சம் தந்த சொல்

இதற்கிடையே வளைகுடாவில் பணிபுரியும் என் மைத்துனர் தொலைபேசியில் அழைத்து, "மச்சான், மாஸ்ட் செல்லே பெருகிப்போகிற நோய் ஒன்று இருக்கிறதாம். லாத்தாவுக்கு அதைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். அன்றிரவு எவரும் உறங்கவில்லை.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இந்த உயிரணுக்கள் அளவின்றிப் பெருகுவது 'மாஸ்டோசைட்டோசிஸ்' என்னும் அரிய நோய். அதில் பலருக்குத் தோலில் பழுப்பு நிறப் புள்ளிகள் நிலையாக இருக்கும். தேய்த்தால் அவை புடைக்கும். எண்ணிக்கை பெருகாமல், அடிக்கடி கொந்தளிப்பது மற்றொரு வகை. அதில் தோல் மட்டுமன்றி மூச்சு, குடல், இரத்த அழுத்தம் என இரண்டு மூன்று உறுப்பு மண்டலங்கள் ஒரே வேளையில் தாக்கப்படும். திடீரென முகம் சிவந்து, வயிறு கலங்கி, மயங்கி விழுவோரிடம் இதனை ஐயுற வேண்டும்.

இதனைக் கண்டறிய 'டிரிப்டேஸ்' என்னும் இரத்தச் சோதனை துணைபுரிகிறது. தாக்குதல் தொடங்கிய நான்கு மணி நேரத்துக்குள் ஒருமுறையும், முற்றிலும் தணிந்து ஒரு நாளேனும் கழிந்த பின் ஒருமுறையும் இரத்தம் எடுத்து ஒப்பிட வேண்டும். அமைதியான நாளின் அளவு 5 எனில், அதில் ஐந்தில் ஒரு பங்கான 1ஐயும், மேற்கொண்டு 2ஐயும் கூட்டினால் 8 ஆகும். தாக்குதல் வேளையின் அளவு இந்த எல்லையைத் தொட்டால்தான் கொந்தளிப்பு என்று கொள்வர். ஓரிரவு என் மனைவிக்கு உதடு வீங்கியபோது இரத்தம் எடுத்தோம். பின்னர் அமைதியான நாளிலும் எடுத்தோம். இரண்டும் ஏறத்தாழ 5 ஆகவே இருந்தன. உடலில் பழுப்புப் புள்ளிகளும் இல்லை. காவலர்கள் பெருகவில்லை; தோலின் எல்லைக்குள் வீணாகச் சினந்திருக்கிறார்கள், அவ்வளவே.

மருந்தும் வாழ்வும்

தூக்கம் தராத புதிய வகை ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். "அரிக்கும்போது மட்டும் போடுவதன்று; அரிக்காத நாளிலும் போட வேண்டும்" என்று வலியுறுத்தினார். வெள்ளம் வருமுன் கரை கட்டுவது போன்றது இது. இரண்டு வாரங்களில் போதிய பயன் தெரியாததால் அளவை இருமடங்காக்கினார். தேவையானால் நான்கு மடங்கு வரை உயர்த்தலாம் என்பது மருத்துவ நெறி. ஆயினும் அதனை மருத்துவரே செய்ய வேண்டும், நாமாகச் செய்தல் ஆகாது. அதற்கும் அடங்காதோர்க்கு 'ஒமாலிசுமாப்' என்னும் ஊசி மருந்து 2014 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. விலை மிகுந்தது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

நடுவில் ஒருமுறை உடல்வலிக்கென்று கடையில் வாங்கிய வலி மாத்திரையை விழுங்கியதும் உடலெங்கும் தடித்தது. ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவை பலருக்கு இந்நோயைக் கிளறிவிடும் என்பதை அன்று கற்றோம். இறுக்கமான ஆடை, வெந்நீர்க் குளியல் ஆகியவற்றையும் விட்டோம். நிறுத்திய உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தோம். மீன் குழம்பு உண்ட அன்று ஒன்றும் நேரவில்லை. என் மாமியார் அழுதுவிட்டார்கள்.

ரமலான் வந்தபோது நோன்பைப் பற்றிய கவலை எழுந்தது. "ஒரு நாள் முழுதும் வேலை செய்யும் மாத்திரை இது, இரவில் போட்டுக்கொள்ளலாம்" என்றார் மருத்துவர். அவ்வாறே நோன்புகள் நிறைவேறின. உடல்நிலை இடம் தராதோர்க்கு மார்க்கம் சலுகை வழங்கியிருப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாக்கோ தொண்டையோ வீங்கினாலும், குரல் மாறினாலும், மூச்சுத் திணறினாலும், தலைசுற்றி மயக்கம் வந்தாலும் மாத்திரையைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். அந்நேரத்தில் உயிர் காப்பது தொடைத் தசையில் போடப்படும் அட்ரினலின் ஊசியே.

நோய் முற்றும் அகன்றுவிட்டதா என்றால், இல்லை. சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் தானாகவே விடைபெறுவது இதன் இயல்பு. ஆறு மாதங்கள் தடிப்பின்றிக் கழிந்த பின், மருத்துவர் சொற்படி மாத்திரையை இரண்டிலிருந்து ஒன்றாக்கினோம். மாதத்தில் ஓரிரு நாள் முன்கையில் ஒன்றிரண்டு எழும், நாங்கள் அஞ்சுவதில்லை.

சென்ற மாதம் எங்கள் வீட்டிலேயே ஒரு விருந்து. அன்றொரு நாள் எழுந்து சென்ற அதே பெண்மணியும் வந்திருந்தார். என் மனைவி தம் கையைக் காட்டி, "இது ஒட்டாது லாத்தா, உட்காருங்க" என்றார். அவரும் அமர்ந்தார். ஒரே சஹனில் இருவரும் உண்டனர்.

அன்பான வாசகர்களே! உங்கள் வீட்டில் இந்நோயால் வாடுவோர் இருந்தால் அவருடைய உணவைப் பறிக்குமுன் ஒரு பேனாவையும் குறிப்பேட்டையும் கையில் கொடுங்கள். தக்க மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் அமர்ந்த சஹனை விட்டு எழுந்துவிடாதீர்கள்.