வினிகர் காட்டும் வெள்ளை

ஊறுகாய் கெடாமலிருக்க ஊற்றும் வினிகரில் இருப்பது அசெட்டிக் அமிலம். அதையே நான்கு சதவீத அளவில் நீரில் கலந்து, பஞ்சில் தோய்த்துக் கருப்பை வாயில் ஒற்றி எடுத்து, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கிறார் செவிலியர். நலமான இடம் இளஞ்சிவப்பாகவே இருக்கிறது. பிற்காலத்தில் புற்றாகக்கூடிய இடம் வெளுத்துத் தெரிகிறது. நல்ல வெளிச்சமும் பழகிய கண்ணும் போதும். முடிவைக் கேட்க இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வர வேண்டியதில்லை.

மாறத் தொடங்கிய செல்களில் உட்கரு பருத்து, புரதம் நெருக்கமாக இருக்கும். அமிலம் பட்டதும் அந்தப் புரதம், சூட்டில் முட்டையின் வெள்ளைக்கரு திரள்வதுபோலத் திரண்டு, ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. சில நிமிடங்களில் வெளுப்பு கலைந்துவிடும்.

இந்த எளிய சோதனை உயிரைக் காக்குமா என்பதை உலகுக்குக் காட்டிய இடங்களில் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டம். 2000-இல் தொடங்கிய ஆய்வில், அங்குள்ள 30 முதல் 59 வயதுப் பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் சோதித்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் அவர்களே செய்தார்கள். ஆர். சங்கரநாராயணன் குழு 2007-இல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டது. ஒரே ஒரு முறை சோதித்ததற்கே, சோதனை நடக்காத ஊர்களைவிட கருப்பை வாய்ப் புற்றுநோயால் ஏற்பட்ட சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. 30–39 வயதினரிடம் மட்டும் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைவு. கைக்குழந்தையும் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் இருக்கும் வயது அது. படிக்கும்போதெல்லாம் மனம் நிறையும் எண் இது.

முப்பதுகளில் பலன் கூடியதற்கு உடலமைப்பும் ஒரு காரணமாகலாம். கருப்பை வாயில் இருவகைச் செல் அடுக்குகள் சந்திக்கும் எல்லை உண்டு. பூப்பெய்திய பின் அந்த எல்லையில் ஒரு வகை மெல்ல மற்றதாக மாறுகிறது. இந்தப் புற்றை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் அதற்கு வித்திடுவது பெரும்பாலும் இந்த மாறும் பட்டையில்தான். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பட்டை உள்ளே ஏறிக்கொள்வதால் வினிகர் பூசினாலும் கண்ணுக்கு அகப்படுவது கடினம்.

இந்த வைரஸில் 16, 18 ஆகிய இரு வகைகள் மட்டுமே இப்புற்றில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். 1980-களில் அவற்றைக் கண்டறிந்த ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸின் இ6, இ7 என்ற புரதங்கள், பழுதான செல்லை நிறுத்தி அழிக்கும் காவல்களை முடக்குகின்றன. ஆனால் அப்படி முடங்கிய செல் புற்றாக முற்றப் பெரும்பாலும் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும். இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்று அரிது.

அப்படியானால் இருபது வயதிலேயே சோதித்துவிட்டால் என்ன? அந்த வயதில் வைரஸ் தொற்று மிகச் சாதாரணம். பெரும்பாலானவர்களின் உடல் ஓரிரு ஆண்டுகளில் அதைத் தானே விரட்டிவிடுகிறது. அதற்குள் சோதித்தால், தானாக மறையவிருந்த மாற்றம் நோய்போலத் தெரியும். பயம் ஒருபுறம் இருக்க, கருப்பை வாயில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் பின்னாளில் குறைப்பிரசவம் ஆகும் வாய்ப்பும் கூடுகிறது. இங்கிலாந்து தொடக்க வயதை 20-லிருந்து 25-ஆக உயர்த்தியதற்கு இதுவே அடிப்படை. பொதுவாக 30-இல் தொடங்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25.

இளம்பெண்களுக்கு உரியது எச்.பி.வி. தடுப்பூசி. இங்கிலாந்தில் 12–13 வயதில் அதைப் போட்டுக்கொள்ளும் வாய்ப்புப் பெற்ற தலைமுறையில் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்ததை 2021-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆனால் ஊசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை. போட்டுக்கொண்டவர்களும் வயது வந்ததும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

வயதுக் கணக்கெல்லாம் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. உறவுக்குப் பின் இரத்தம் கசிந்தால், மாதவிடாய்க்கு இடையே இரத்தம் பட்டால், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் நீடித்தால், 22 வயதானாலும் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.