ஆர்டர் படிவத்தில் எழுதும் அளவு பில்லில் எப்படி ஏறுகிறது?

மொத்த வியாபாரம் செய்யும் நமது உறுப்பினர்கள் பலர் இப்போது சில்லறைக் கடைக்காரர்களிடமிருந்து ஆர்டர்களை இணையப் படிவத்தின் மூலம் பெறுகிறார்கள். வசதிதான். ஆனால் சில வேளைகளில் விசித்திரமான தகராறுகள் எழுகின்றன. கடைக்காரர் 1,200 கிலோ சர்க்கரை கேட்டிருப்பார். பில்லில் 1 கிலோ என்று வந்திருக்கும். "நான் சரியாகத்தான் எழுதினேன்" என்பார் அவர். "கணிப்பொறியில் வந்ததைத்தான் ஏற்றினோம்" என்பார் மண்டிக்காரர். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கக்கூடும். கோளாறு நடந்த இடம் படிவத்துக்கும் பில்லுக்கும் நடுவே இருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம். மென்பொருள் எழுதுவது நமது தொழில் இல்லைதான். ஆனால் நஷ்டம் நம்முடையது.

படிவத்தை நிரப்பி அனுப்பும் பொத்தானை அழுத்தியவுடன், கட்டங்களில் உள்ளவை அனைத்தும் ஒரே நீளமான எழுத்து வரிசையாகக் கோக்கப்பட்டு, எதிர்முனையில் உள்ள சர்வர் என்னும் கணிப்பொறிக்குப் போகின்றன. ஏறத்தாழ இப்படி இருக்கும்: சரக்கு=சர்க்கரை&அளவு=50&சரக்கு=மிளகு&அளவு=2. இதில் கவனிக்க வேண்டியது, அந்த 50 இன்னும் எண் ஆகவில்லை. ஐந்து என்ற குறியும் சுழி என்ற குறியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவே. தொலைபேசியில் கடைக்காரர் சொல்லச் சொல்லக் கடைப்பையன் துண்டுச் சீட்டில் கிறுக்கி வைத்தது போன்ற நிலை இது.

அந்தச் சீட்டைப் பார்த்துக் கணக்குப்பிள்ளை பேரேட்டில் பத்தி பத்தியாக எழுதுவார் அல்லவா? சர்வரில் உள்ள நிரலும் அதையே செய்ய வேண்டும். சரக்கின் பெயர் எழுத்தாக இருக்கலாம். அளவு எண்ணாக இருக்க வேண்டும். தேதி தேதியாக இருக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு பத்திக்கும் இன்ன வகைதான் என்று விதித்து, ஓர் ஆர்டரின் வரிகளையெல்லாம் ஒரே பட்டியலாக அடுக்குவதைத்தான் மென்பொருளாளர்கள் 'வகை குறித்த தொகுப்பு' என்கிறார்கள். மிளகாய் அடுக்கில் மிளகாய் மூட்டையைத் தவிர வேறு எதையும் இறக்க விடாத கிடங்குக்காரரைப் போன்றது அது.

எழுத்தை எண்ணாக்கும் இடத்தில்தான் முதல் ஆபத்து. பி.எச்.பி. என்ற மொழியில் எழுதப்பட்ட நிரல்கள் வணிக இணையதளங்களில் மிகுதி. அதில் "இதை எண்ணாக்கு" என்று சுருக்கமாகக் கட்டளையிட்டால், இடப்பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே போய், இலக்கம் அல்லாத குறி வந்ததும் நின்றுவிடும். 1,200 என்பதில் காற்புள்ளி வந்தவுடன் நின்று, 1 என்று எடுத்துக்கொள்ளும். அரை கிலோ ஏலக்காய்க்கு 1/2 என்று எழுதினால் அதுவும் 1 ஆகிவிடும். ஒன்றரைக்கு நம் வழக்கப்படி 1.1/2 என்று எழுதினால் 1.1 ஆகும். "கால்" என்று எழுதினால் சுழி. எந்த இடத்திலும் பிழை என்று சொல்லாது. சி ஷார்ப், ஜாவா போன்ற மொழிகள் புரியாத எண்ணை ஏற்க மறுத்துப் பிழை காட்டும். அவசரத்தில் எரிச்சலூட்டினாலும் நமக்கு அதுவே நல்லது. பி.எச்.பி.யிலும் கண்டிப்பாகச் சோதிக்கும் வழி உண்டு. எழுதுபவர் அதைப் பயன்படுத்த வேண்டும்.

வெற்றுக் கட்டமும் இப்படித்தான். அளவுக் கட்டம் காலியாக இருந்தால் அந்தச் சரக்கு வேண்டாம் என்று பொருள். அதைச் சுழியாக எடுத்துக்கொண்டாலும் கெடுதல் இல்லை. ஆனால் நாம் காலையில் விலை மாற்றும் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக விடுபட்டு, அது சுழி என்று பதிவானால், சரக்கு இலவசமாகிவிடும்! அதேபோல, அளவு -5 என்று ஒருவர் எழுதினால் பில் தொகை குறையும்படி விடுகிற நிரல்களும் உண்டு.

எண்ணாக்கக் கூடாதவையும் உள்ளன. தேயிலைக்குரிய எச்.எஸ்.என். எண் 0902, மிளகுக்கு 0904. இவற்றை எண் வகையில் வைத்தால் முன்னால் உள்ள சுழி போய் 902, 904 என்று நிற்கும். எச்.எஸ்.என்., தொலைபேசி எண் ஆகியவற்றைக் கூட்டிக் கழிக்கப் போவதில்லை. எழுத்து வகையிலேயே இருக்கட்டும்.

அடுத்தது, வரிகள் இடம் மாறும் கோளாறு. கண்டுபிடிக்க இதுவே மிகக் கடினம். படிவத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் எதிரே "உடனே தேவை" என்று டிக் அடிக்கும் கட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டிக் அடிக்காத கட்டம் சர்வருக்குப் போகவே போகாது. இணையப் படிவத்தின் விதியே அப்படி. பத்துச் சரக்கில் மூன்றாவதற்கும் ஏழாவதற்கும் மட்டும் டிக் அடித்தால், பத்துச் சரக்குகளும் இரண்டே டிக்குகளும் போய்ச் சேரும். நிரல் அவற்றை முதலிலிருந்து வரிசையாக ஒட்டினால், உளுந்துக்கும் உப்புக்கும் அடித்த டிக் அரிசிக்கும் பருப்புக்கும் போய்விடும். ஒவ்வொரு கட்டத்தின் பெயரோடும் வரி எண்ணைச் சேர்த்து, உடனே[3], உடனே[7] என்று வைத்திருந்தால் இக்குழப்பம் இல்லை.

வரி எண் வைத்தாலும் ஒரு சங்கதி உண்டு. ஏ.எஸ்.பி. டாட் நெட் முறையில் வரிகள் 0, 1, 2 என்று இடைவிடாமல் வர வேண்டும். கடைக்காரர் நடுவில் ஒரு வரியை நீக்கிவிட்டு அனுப்பினால், அந்த இடைவெளியோடு பட்டியல் நின்றுவிடும். அதற்குக் கீழே உள்ள சரக்கெல்லாம் விடுபடும். இதற்குத் தீர்வும் அம்முறையிலேயே இருக்கிறது. வரி எண்களைத் தனியே மறைகட்டமாக அனுப்பினால் போதும்.

பெரிய மளிகைப் பட்டியல் வைத்திருப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். பி.எச்.பி. ஒரு படிவத்தில் 1,000 கட்டங்களுக்கு மேல் ஏற்காது. 2012 முதல் இவ்வரம்பு இருக்கிறது. வேண்டுமானால் உயர்த்திக்கொள்ளலாம். 300 சரக்குகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டங்கள் என்றால் 1,200 கட்டங்கள். காலிக் கட்டங்களும் இக்கணக்கில் சேரும். ஆகவே 250 சரக்குகள் மட்டுமே வந்து சேரும். கடைசி ஐம்பது மறைந்துவிடும். அதற்கான எச்சரிக்கை வாங்குபவர் கண்ணிலும் படாது, விற்பவர் கண்ணிலும் பெரும்பாலும் படாது. பட்டியலின் அடியில் இருக்கும் சரக்குக்கு ஆர்டரே வருவதில்லை என்று யாராவது வருந்தினால், முதலில் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

விலை விஷயத்தில் தாட்சண்யம் வேண்டாம். சில படிவங்களில் விலையும் மறைகட்டமாகப் போய்த் திரும்பி வருகிறது. அதை மாற்றி அனுப்புவது ஓரளவு விஷயம் தெரிந்த எவருக்கும் சுலபம். படிவத்திலிருந்து சரக்கின் குறியீட்டையும் அளவையும் மட்டுமே எடுத்துக்கொண்டு, விலையைச் சர்வரில் உள்ள நமது விலைப் பட்டியலிலிருந்தே எடுக்க வேண்டும்.

புதிய மென்பொருளுக்குப் பணம் கொடுக்குமுன் ஒரு மணி நேரம் ஒதுக்கி நீங்களே ஒரு சோதனை ஆர்டர் போட்டுப் பாருங்கள். ஒரு சரக்குக்கு 1,200 என்று காற்புள்ளியோடு எழுதுங்கள், இன்னொன்றுக்கு 1/2, மற்றொன்றுக்கு -5. மூன்றாவது வரிக்கு மட்டும் டிக் அடியுங்கள். நடுவில் ஒரு வரியை நீக்குங்கள். பட்டியலின் கடைசிச் சரக்கையும் கேளுங்கள். பிறகு பில்லை அச்செடுத்து, பேனாவும் கையுமாக ஒவ்வொரு வரியையும் ஒப்பிடுங்கள். புரியாத அளவைப் படிவம் ஏற்க மறுத்து "சரியாக எழுதவும்" என்று திருப்பி அனுப்பினால் சரி. வேறு எண்ணாக மாறி பில்லில் ஏறியிருந்தால், அந்த அச்சையே மென்பொருளாளரிடம் காட்டித் திருத்திய பின் மீதித் தொகையைக் கொடுங்கள்.