வசைச்சொல் வரலாறு – 9: சைக்கிள் முகம்

நூல் நூற்றவளுக்குரிய ‘ஸ்பின்ஸ்டர்’ என்ற பெயர் மணமாகாதவளுக்கான ஏளனமாக மாறிய கதை போன வாரத்தோடு முடிந்தது. இந்த வாரம் புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் புதுக்கோட்டை என்றதும் எனக்கு முதலில் சைக்கிள்தான் நினைவுக்கு வருகிறது. அது என்னை இங்கிலாந்துவரை இழுத்துப் போய்விட்டது.

1890களில் அங்கே பெண்கள் சைக்கிள் ஏறியதும் ஒரு நோய்ப்பெயர் பரவியது: ‘பைசிக்கிள் ஃபேஸ்’. இறுகிய தாடை, பிதுங்கிய கண், களைத்த முகம். ஆர்தர் ஷாட்வெல் என்ற மருத்துவர், பெயர் வைத்தது தான்தான் என்று 1897இல் எழுதினார். ஆணுக்கும் வரும் என்றார்கள். எச்சரித்தது பெரும்பாலும் பெண்களை. அடங்காதவள் என்று வைதால் அவள் எதிர்த்துப் பேசுவாள். நோய் வரும் என்று பயமுறுத்தினால் பெற்றவர்களே அவளை வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். எத்தனை பேர் அப்படி உட்கார்ந்துபோனார்களோ என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

உட்காராத ஒருத்தி லேடி ஹார்பர்ட்டன். பாவாடை சக்கரத்தில் சிக்காமலிருக்க, தொளதொள கால்சட்டை அணிந்து சைக்கிள் ஓட்டியவர். அந்த உடைக்கு அவரைப் போன்றவர்கள் இட்ட பெயர் ‘ரேஷனல் டிரெஸ்’. பகுத்தறிவு உடை! 1898 அக்டோபரில் சர்ரே பகுதியின் ஆக்கம் கிராமத்தில் ‘ஹாட்பாய்’ ஓட்டலுக்குச் சாப்பிடப் போனார். இந்த உடையோடு உணவறைக்குள் வரக்கூடாது, ஆண்கள் குடிக்கும் பக்கத்து அறையில் உட்காரலாம் என்றார் ஓட்டல்காரப் பெண்மணி. சைக்கிள் பயணிகள் சங்கம் வழக்குப் போட்டது. 1899இல் தீர்ப்பு ஓட்டலுக்குச் சாதகம். கால்சட்டை போட்ட பெண் கௌரவமான அறைக்கு ஆகாதவள், குடிக்கிற ஆண்கள் நடுவில் உட்காரலாம். இதற்குப் பெயர் ஒழுக்கமாம்!

90 ஆண்டு கழித்துப் புதுக்கோட்டையிலும் அதே பேச்சு. 1991இல் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னால் நின்றார். தொண்டர்களுக்குச் சைக்கிள் வாங்க வங்கிக்கடனுக்கும் வழிசெய்தார். முதலில் ஏறியவர்கள் தெருவில் கேட்ட ஆபாசப் பேச்சை இங்கே அச்சேற்ற மாட்டேன். பஸ்ஸுக்குக் காத்திருந்த கல்குவாரிப் பெண்கள் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். முன்பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. ஊரே ஓட்டத் தொடங்கியபின் யாரைப் பார்த்துப் பேசுவது? ஒருத்தி தனியாகப் போகும்வரைதான் வசைக்குப் பலம்.

முத்துலட்சுமி தனியாகத்தான் போனார். மகாராஜா கல்லூரியில் அவர் சேர்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதை மீறி இடம் கொடுத்தார். அந்த வகுப்பறை, அடுத்த வாரம்.