எஞ்சின் அறிந்து எரிபொருள் இடுக

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர்களில் கார் நிற்காத தெரு இன்று அரிதாகிவிட்டது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்று பொருளீட்டும் பிள்ளைகள், விடுமுறையில் வந்தால் வாப்பா உம்மாவை ஏற்றிச் செல்லவென்று ஒரு வண்டியை வாங்கி நிறுத்திவிட்டுப் பயணம் போகின்றனர். இளைஞர் சிலரோ, துபைச் சாலைகளில் கண்ட வேகத்தைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் காண விரும்பி, எஞ்சினைத் திருத்தியமைக்கப் பல்லாயிரம் ரூபாயைச் செலவிட முனைகின்றனர். இதற்கிடையில் நம் நாட்டுப் பெட்ரோலின் தன்மையே மாறிவிட்டது. ஆகவே, எஞ்சினுக்கும் எரிபொருளுக்கும் உள்ள உறவை வண்டி ஓட்டுவோர் மட்டுமன்றி, வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருத்தல் நலம். செலவாவது குடும்பத்தின் பணம். இடருக்குள்ளாவது குடும்பத்தின் உயிர்.

கடல் கற்பித்த பாடம்

தென்னாட்டுக் கடற்கரை மீனவர்கள் இவ்வுறவை நெடுங்காலமாக அறிந்தவர்கள். படகின் பின்புறம் மாட்டப்படும் எஞ்சின்களில் ஒருவகை, பெட்ரோலில் கிளம்பி, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயில் ஓடும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலால் முதலில் பெட்ரோல் வேண்டும். மேலும், மண்ணெண்ணெய் மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது; தீப்பொறிக்குக் காத்திராமல் தானே பற்றிக்கொள்ளும். ஆதலால் அத்தகைய எஞ்சினின் அழுத்தம் குறைவாகவே அமைக்கப்படுகிறது. அதே மண்ணெண்ணெய் காரின் பெட்ரோலில் கலந்தால் எஞ்சின் கெடும். குற்றம் மண்ணெண்ணெயிலும் இல்லை, எஞ்சினிலும் இல்லை. பொருந்தாத இரண்டைச் சேர்த்ததில்தான் உள்ளது.

ஆக்டேன் எண் எதைச் சொல்கிறது?

பெட்ரோல் எஞ்சினின் உருளைக்குள் காற்றும் எரிபொருளும் கலந்து அழுத்தப்படுகின்றன. உரிய நொடியில் தீப்பொறி விழுந்து, தீ சீராகப் பரவ வேண்டும். அவ்வாறன்றி ஒரு பகுதி தானே வெடித்தால் 'டக் டக்' என்ற ஓசை எழும். மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பர். இது தொடர்ந்தால் பிஸ்டனே உடையவும் கூடும். இவ்வெடிப்பை எரிபொருள் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டுவதே ஆக்டேன் எண்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் 91, 95, 98 என மூவகை ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கிறது. நம் நாட்டில் 88 ஆக இருந்த எண், பின்னர் 91 ஆயிற்று. எத்தனால் கலப்பினால் இப்போது 95 ஆகியுள்ளது. 98 ஆக்டேனுக்கென்று அங்கே திருத்தியமைத்த கணக்கை இங்குள்ள வண்டியில் அப்படியே ஏற்றுவது எவ்வளவு பிழை என்பது இதனால் விளங்கும். அதுபோலவே, ஆக்டேன் மிகுந்த விலையுயர்ந்த பெட்ரோலை ஊற்றியதனாலேயே சாதாரணக் கார் குதிரையாகிவிடாது. அந்த எண்ணைப் பயன்படுத்திக்கொள்ளும்படி அமைந்த எஞ்சினுக்கே அதனால் பலன் உண்டு.

பெட்ரோலில் எத்தனால்

கரும்பு, அரிசி, மக்காச்சோளம் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் எத்தனால் ஆல்கஹால் இனத்தைச் சேர்ந்தது. 'ஆல்கஹால்' என்னும் சொல், கண்ணுக்கு இடும் சுர்மாவைக் குறிக்கும் 'அல்குஹ்ல்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்பது வாசகர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டு சில மாநிலங்களில் 5 விழுக்காடு கலப்பு தொடங்கியது. 2022 ஜூன் மாதத்தில் அது 10 விழுக்காட்டை எட்டியது. 2023 பிப்ரவரி 6 அன்று 20 விழுக்காடு கலந்த 'ஈ20' பெட்ரோல் அறிமுகமாயிற்று. 2025இல் நாடெங்கும் அதுவே பொதுப் பெட்ரோலாகிவிட்டது.

எத்தனாலுக்கு இரு முகங்கள் உண்டு. ஆவியாகும்போது மிகுந்த வெப்பத்தை உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விக்கும். ஆக்டேன் எண்ணும் மிகுதி. ஆனால் ஒரு லிட்டரில் அடங்கிய ஆற்றல், பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கோ 9 கிலோ போதும். அதாவது, அதே அளவு காற்றுக்கு எத்தனாலை மிகுதியாக ஊற்ற வேண்டும். குறைவாக ஊற்றினால் எரிதல் சீர்குலையும். எஞ்சின் திணறும், சூடேறும்.

பந்தயக் காரின் பக்குவம்

சுவீடன் நாட்டின் கோனிக்செக் நிறுவனம் 2019ஆம் ஆண்டு 'ஜெஸ்கோ' என்னும் காரை அறிமுகப்படுத்தியது. அதன் எஞ்சின் சாதாரணப் பெட்ரோலில் 1280 குதிரைத்திறனைத் தருகிறது. எத்தனால் மிகுந்த 'ஈ85' எரிபொருளை இட்டால், அதே எஞ்சின் 1600 குதிரைத்திறனைத் தருகிறது. ஆற்றல் குறைந்த எரிபொருளில் வலிமை கூடுவது எவ்வாறு? எத்தனால் குளிர்விப்பதாலும் வெடிப்பைத் தாங்குவதாலும், டர்போ வழியாக மேலும் காற்றை அழுத்திச் செலுத்தலாம். தீப்பொறியையும் சற்று முன்னதாக இடலாம்.

இத்தகைய பலவகை எரிபொருள் வண்டிகளில், தொட்டியில் இருப்பது என்ன என்பதை எஞ்சினின் கணினி முதலில் கண்டறிகிறது. பின்னரே எரிபொருளின் அளவையும் தீப்பொறியின் நேரத்தையும் மாற்றுகிறது. மிகுதியான எரிபொருளைத் தரவல்ல பம்பும் இஞ்செக்டரும், எத்தனாலால் கெடாத குழாய்களும் ரப்பர் வளையங்களும் அதற்கெனவே பொருத்தப்பட்டிருக்கின்றன. கணினியில் எண்களை மட்டும் மாற்றி, இவற்றை மாற்றாது விடுவது, பழைய சுவரின்மேல் புதிய மாடி கட்டுவதற்கு ஒப்பாகும்.

நம் மண்ணின் மைந்தரான டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. அவர் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட், 1979 ஆகஸ்டு 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் எழுந்தது. எரிபொருளை எரியச் செய்யும் நைட்ரிக் அமிலம் இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் கசிந்துபோனதால், 317 நொடிகளில் அது கடலில் விழுந்தது. குறை களையப்பட்டு, 1980 ஜூலை 18 அன்று ரோகிணி துணைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது. எத்துணைப் பெரிய எந்திரமாயினும், ஊட்டும் வழியில் ஒரு சிறு வால்வு பழுதானால் அனைத்தும் வீணே.

நம் வீட்டு வண்டிகள்

10 விழுக்காட்டுக்கென வடிவமைத்து 20க்கு ஏற்பச் சீரமைத்த கார்களில், மைலேஜ் 1 முதல் 2 விழுக்காடு குறையும் என்று நிதி ஆயோக் 2021ஆம் ஆண்டு அறிக்கையில் மதிப்பிட்டது. எத்தனாலே கலவாத பெட்ரோலுக்கென வடிவமைத்த பழைய கார்களில் இக்குறைவு 6 முதல் 7 விழுக்காடு வரை ஆகலாம் என்றும் கூறியது. சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களை மாற்ற நேரிடலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமும் 2025 ஆகஸ்டில் விளக்கியது. புகைபோக்கியில் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கொண்டு புதிய கார்கள் ஓரளவு தம்மைத் தாமே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டர் பொருத்திய பழைய வண்டிகளுக்கு அவ்வறிவு இல்லை. மெக்கானிக்கின் கைத்திறனே துணை.

கடலோரத்தார் கருத வேண்டியது இன்னொன்று: எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால், தண்ணீரும் எத்தனாலும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். இறுக மூடிய புதிய கார்களில் இது எளிதில் நேராது. மூடி தளர்ந்த பழைய ஸ்கூட்டரிலும், மாதக்கணக்கில் ஓடாத வண்டியிலும் நேரக்கூடும்.

நினைவிற்கொள்ள வேண்டியவை

1. எவ்வளவு எத்தனாலுக்கு ஏற்ற வண்டி என்பதைக் கையேட்டிலும் தொட்டி மூடியின் அருகிலும் பார்த்தறிக. ஐயமிருப்பின் நிறுவனத்திடம் கேட்டறிக.

2. பிள்ளை வெளிநாடு சென்றபின் நிற்கும் வண்டியை அவ்வப்போது சாலையில் ஓட்டுக. நீண்ட நாள் நிறுத்துவதாயின், தொட்டியில் வெற்றிடம் மிகாதபடி பெட்ரோலை நிரப்பி வைக்க.

3. பழைய வண்டியில் பெட்ரோல் வாடை வீசினால், ரப்பர் குழாய்களை உடனே சோதித்து மாற்றுக. அதைத் தள்ளிப்போடுவது தீயை வீட்டுக்குள் வைத்திருப்பதாகும்.

4. எஞ்சினைத் திருத்துமுன், உத்தரவாதமும் காப்பீடும் நிலைக்குமா என்று கேட்டறிக. பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க மோட்டார் வாகனச் சட்டம் தடை விதிக்கிறது.

5. சமையல் எரிவாயு உருளையை வண்டியில் பொருத்துவதைக் கனவிலும் கருதாதீர். எரிவாயுவுக்கு மாற விரும்பின், அங்கீகாரம் பெற்ற கருவியைப் பொருத்திப் பதிவுச் சான்றிலும் குறிக்கச் செய்க.

கோடிக்கணக்கில் விலைபோகும் பந்தயக் காரே, தனக்கு ஊட்டப்பட்டது என்ன என்பதை ஆராய்ந்தபின்தான் தன் வேகத்தை முடிவு செய்கிறது. வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தில் வாங்கிய வண்டியை வைத்திருக்கும் நாம், அதற்கு எது பொருந்தும் என்பதை அறியாமல் வேகத்தை மட்டும் நாடலாமா? வண்டியைத் திருத்துமுன் அதன் கையேட்டை ஒருமுறையேனும் படிப்போம். அதற்கு ஒரு காசும் செலவில்லை.